மருந்து எடுக்கும் கையை இடையில் அழைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்துக் கடைகளுக்கும் மருத்துவமனை மருந்தகங்களுக்கும் ஆள் தேவை என்று வரும் விளம்பரங்களில், 'ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்கக் கூடியவர்களுக்கு முன்னுரிமை' என்ற வரியை அண்மைக் காலமாக அடிக்கடி காண்கிறேன். பெங்களூரு அல்சூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்த்து வருபவள் நான். அந்த வரி நோயாளிக்கும் தீங்கு, வேலைக்கு வருகிறவருக்கும் தீங்கு என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கவனம் கேட்கும் இரண்டு வேலைகளை மனித மனம் ஒரே நேரத்தில் செய்வதில்லை. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவுகிறது, மறுபடி பழையதற்குத் திரும்புகிறது, ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலை கொடுக்கிறது. அந்த விலை மாலைக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை என்பதால், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

சில மாதங்களுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். மாலை ஏழு மணி இருக்கும். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மாதாமாதம் வாங்கும் மருந்துகளுக்காகச் சீட்டை நீட்டினார். சர்க்கரைக்கு மெட்பார்மின் 500 மில்லி கிராமும் கிளிமிபிரைடு 1 மில்லி கிராமும், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 10, வயிற்றுக்குப் பான்டோபிரசோல் 40. மெட்பார்மினை எடுத்து வைத்த கையோடு தொலைபேசி ஒலித்தது. வீட்டுக்கு மருந்து அனுப்பச் சொல்லும் வழக்கமான வாடிக்கையாளர் ஒருவர், "கிளிமிபிரைடு 2 எம்ஜி, ரெண்டு அட்டை" என்றார், எழுதிக்கொண்டேன். எழுதி முடிப்பதற்குள், செயலி வழியாக வந்த ஆர்டரை எடுத்துப்போக வந்த இளைஞர் ஆர்டர் எண்ணைச் சொல்லிப் பையைக் கேட்டார். பையைத் தேடிக் கொடுக்கும்போதே, அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று ஒரு பெண் தம் கைபேசித் திரையை என் முகத்துக்கு நேரே காட்டினார். அதையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் பெரியவரின் சீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் தட்டில் கிளிமிபிரைடு ஒன்றும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டு டப்பாக்களுக்கும் எண்ணும், அதன் அடியில் ஓடும் கோட்டின் நிறமும் மட்டுமே வேறு. என் கை 2-ஐ எடுத்தது. பில் போட்டேன், பணம் வாங்கினேன், அவரும் போய்விட்டார்.

டப்பாவைத் தட்டில் திரும்ப வைக்கும்போதுதான் எண் கண்ணில் பட்டது. கவுண்டரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் ஓடினேன். அவர் தெருமுனைப் பிள்ளையார் கோயிலைத் தாண்டவில்லை. "ஏம்மா, இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றே?" என்று கேட்டார். அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வயதானவர் ஒருவர் தமக்கு எழுதிய அளவைப்போல் இரு மடங்கைத் தினமும் சாப்பிட்டால், ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கி, உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி, நினைவு தப்பி விழவும் நேரலாம். தனியாக வசிக்கும் ஒருவருக்கு இரவில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரவில் எனக்கு ஒன்று விளங்கியது. நான் எடுத்தது ஏதோ ஒரு தவறான மருந்து அல்ல. தொலைபேசியில் கேட்ட அதே 2. கண் பெரியவரின் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தது, மனத்தில் மட்டும் இன்னொருவரின் ஆர்டர் இறங்காமல் நின்றிருந்தது. இதைக் கவனக்குறைவு என்ற ஒரே சொல்லில் அடக்கி, என்னை நானே திட்டிக்கொண்டு விட்டுவிட மனம் வரவில்லை. இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இந்த ஆராய்ச்சிக்கு ஏறத்தாழ நூறு வயது ஆகிறது. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்டு 1927-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கணக்கைப் பட்டியல் முழுவதும் தொடர்ந்து செய்வதற்கும், இரண்டு வகைக் கணக்குகளை ஒன்று விட்டு ஒன்று மாற்றி மாற்றிச் செய்வதற்கும் ஆகும் நேரத்தை ஒப்பிட்டார். எண்களையே இரு வகையாகக் கையாள வேண்டியிருந்தபோது, மாற்றிச் செய்தவர்களுக்கு நேரம் கூடுதலாக ஆனது. ஒவ்வொரு கணக்கும் எளிமையானதுதான். கடினமாக இருந்தது மாறுவதே. இதை நம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் வேகமாகச் சொல்லுங்கள். பிறகு ஒன்று முதல் பன்னிரண்டு வரை சொல்லுங்கள். மூன்றாவதாக, அ ஒன்று, ஆ இரண்டு, இ மூன்று என்று இரண்டையும் கோத்துச் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் என் மகள் முதல் இரண்டையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். மூன்றாவதில் 'ஊ ஆறு' வரை வந்தவள் அடுத்த எழுத்து எது என்று தேடி நின்றுவிட்டாள். முடிக்கும்போது முதல் இரண்டுக்கும் சேர்த்து ஆன நேரத்தைவிட மிகுதியாகவே ஆகியிருந்தது. அ, ஆ அவளுக்குப் புதிதா, ஒன்று, இரண்டு புதிதா?

முன்கூட்டியே தயாராகிவிட்டால் இந்த இழப்பு இராது என்று நமக்குத் தோன்றும். ராபர்ட் ரோஜர்ஸ், ஸ்டீபன் மான்செல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-இல் இதைத்தான் சோதித்தார்கள். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து திரையில் வரும்; சில முறை எழுத்து உயிரா மெய்யா என்று சொல்ல வேண்டும், சில முறை எண் ஒற்றையா இரட்டையா என்று சொல்ல வேண்டும். எப்போது எது என்பது ஒழுங்கான வரிசையில் வருவதால், மாற்றம் எவருக்கும் எதிர்பாராதது அல்ல. தயாராகக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தபோது தாமதம் குறைந்தது. ஆனால் ஒரு விநாடிக்கு மேல் அவகாசம் கொடுத்த பிறகும் அது முழுவதும் நீங்கவில்லை. ஒரு தாவலுக்கு ஆகும் தாமதம் ஒரு விநாடியில் சிறு பங்குதான் என்பது உண்மை. ஆனால் மருந்துக் கடை கவுண்டரில் மாலை ஆறு மணிக்கு மேல் நிற்கிறவருக்கு அது ஒன்று இரண்டோடு நிற்பதில்லை. நேரத்தை விடவும் எனக்குக் கவலை தருவது, அந்தச் சிறு பங்கின்போது மனத்தில் எந்த வேலையின் விதி ஆட்சி செய்கிறது என்பதே. பழைய வேலையின் விதி அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை என்று ஆலன் ஆல்போர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1994-இல் விளக்கினார்கள். ஓடும் வண்டியின் பிரேக்கை மிதித்த பிறகும் வண்டி சிறிது தூரம் போய்த்தானே நிற்கிறது.

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு இதில் இன்னும் ஒரு கூறு உண்டு. எங்கள் கவுண்டரில் வேலை மட்டும் மாறுவதில்லை, மொழியும் மாறுகிறது. கன்னடத்தில் "பெளிகே ஒந்து, ராத்திரி ஒந்து, ஊட்ட ஆத மேலே" (காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு) என்று ஒருவருக்குச் சொல்லி, அடுத்தவருக்கு இந்தியில் சொல்லி, அவருக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ சொல்லி முடிக்கும்போது, சொந்த மொழிக்காரர் ஒருவர் வந்து நின்றால் எளிதாக இருக்க வேண்டும். அப்படி இருப்பதில்லை. ஒரு நாள், எதிரில் நின்ற தமிழ்ப் பாட்டியிடம் "ஊட்ட ஆத மேலே" என்றே சொல்லிவிட்டேன். "என்னம்மா சொல்றே, புரியலியே" என்று அவர் கேட்ட பிறகும், 'சாப்பிட்ட பிறகு' என்ற சொற்கள் உடனே நாவில் வரவில்லை. பிறந்தது முதல் பேசும் மொழியில் இப்படித் தடுமாறியது எனக்குப் பெரிய வருத்தம். மியூட்டர், ஆல்போர்ட் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விளக்கம் கிடைத்தது. இரு மொழி பேசுபவர்கள் எண்களின் பெயர்களை மொழி மாற்றி மாற்றிச் சொன்னபோது, இரண்டாம் மொழிக்கு மாறுவதைவிடத் தாய்மொழிக்குத் திரும்புவதற்கே கூடுதல் நேரம் ஆனது. பழக்கம் குறைந்த மொழியைப் பேச வேண்டுமானால் வலுவான தாய்மொழியை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிடித்த பிடி உடனே தளர்வதில்லை என்பது அவர்கள் கொண்ட கருத்து. நான்கு மொழியில் பேசுவதை இந்த நகரத்தில் நாம் பெருமையாகவே சொல்கிறோம், பெருமைதான். மருந்தின் அளவையும் வேளையையும் சொல்லும் இடத்தில் அந்தப் பெருமைக்கு உரிய நிதானமும் கொடுக்கப்பட வேண்டும்.

பாதியில் விட்ட வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் இலக்கணத்தில் வினையெச்சம் என்று ஒன்று உண்டு. 'எடுத்து', 'வைத்து', 'எண்ணி' என்று நிற்கும் சொல், தனக்கு ஒரு முற்று கிடைக்கும் வரை காத்துக்கொண்டே இருக்கும். பாதியில் விட்ட சீட்டும் மனத்துக்குள் அப்படித்தான் நிற்கிறது. சோபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதையும், அப்படித் தங்கியவர்கள் அடுத்த வேலையைச் சரிவரச் செய்ய இயலாததையும் காட்டினார். பின்னர் 2018-இல் தெரசா குளோம்புடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு எனக்கு நேரடியாகப் பயன்பட்டது. வேலையை விட்டுப் போவதற்கு முன், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாகக் குறித்து வைத்தால், மனம் பழைய வேலையை எளிதில் விடுகிறது. நானும் பல ஆண்டுகளாக, இடையில் யாராவது அழைத்தால் கடைசியாக எடுத்த மருந்தின் வரிக்குக் கீழே பேனாவைக் கிடத்திவிட்டுத்தான் திரும்புவேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மூத்த மருந்தாளுநர் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. பெரியவர் வந்த மாலையில் பேனா சீட்டின் மேல் இல்லை. தொலைபேசி ஆர்டரை எழுத அதையேதான் எடுத்திருந்தேன்.

இதற்கு எங்கள் தொழிலில் கிடைக்கும் வழக்கமான பதில், 'இத்தனை தொந்தரவிலும் வேலை முடிந்துவிடுகிறதே' என்பது. அந்தப் பதிலில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. குளோரியா மார்க்கும் உடன் பணியாற்றியவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் தொந்தரவு செய்யப்பட்டவர்கள் கொடுத்த வேலையை விரைவாகவே முடித்தார்கள். தரத்திலும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவர்களுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் நேரம் போதாது என்ற தவிப்பும் கூடியிருந்தன. அவர்கள் சிறிது நேரம் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினார்கள். நாங்கள் பத்து மணி நேரம் நிற்கிறோம். வேகமாக முடிவதை மேற்பார்வை செய்கிறவர் பார்க்கிறார். அந்த வேகத்துக்கான விலையை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் நாங்கள். ஒன்பதரைக்கு வீடு சேர்ந்ததும், என் தாயார் அன்றைய சங்கதியைச் சொல்லத் தொடங்கினால், வாய் 'ம்' கொட்டுகிறதே தவிர ஒரு வாக்கியமும் மனத்தில் தங்குவதில்லை. அவருக்கும் அது தெரிந்து, இப்போதெல்லாம் சுருக்கமாகவே பேசுகிறார். இதை நான் சிறிய இழப்பாகக் கருதவில்லை.

மேலும், மின்னஞ்சலில் தப்பிய தரம் மருந்தில் தப்புவதில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள், 720 நோயாளிகளுக்கு 4,271 முறை மருந்து கொடுத்ததை அருகிலிருந்து கவனித்து, ஜோஹன்னா வெஸ்ட்புரூக்கின் குழு 2010-இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. ஒவ்வோர் இடையூறுக்கும், செய்முறைத் தவறுகள் 12.1 விழுக்காடும், மருந்து, அளவு போன்றவற்றில் நேரும் தவறுகள் 12.7 விழுக்காடும் கூடின. இடையூறே இல்லாதபோது பெரிய தவறு நேரும் வாய்ப்பு 2.3 விழுக்காடாக இருந்தது, நான்கு முறை இடையூறு நேர்ந்தபோது 4.7 விழுக்காடாக உயர்ந்தது. அந்த எண்ணிக்கையைப் படித்தபோது, அன்று பெரியவரின் சீட்டுக்கு நடுவில் எத்தனை பேர் என்னை அழைத்தார்கள் என்று விரல் விட்டு எண்ணினேன். மூன்று.

வேறொரு துறை இதை எப்போதோ உணர்ந்துகொண்டது. அமெரிக்காவில் சார்லட் நகரில் 1974 செப்டம்பரில் தரையிறங்க வந்த பயணி விமானம் ஒன்று விழுந்து 72 பேர் இறந்தார்கள். இறங்கும் வேளையில் விமானிகள் பணிக்குத் தொடர்பில்லாத பேச்சில் ஈடுபட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதுபோன்ற விபத்துகளைக் கண்ட பிறகு 1981-இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: ஏறும்போதும் இறங்கும்போதும் பத்தாயிரம் அடிக்குக் கீழே, விமானத்தைச் செலுத்துவதற்குத் தேவையில்லாத பேச்சோ வேலையோ விமானி அறையில் கூடாது. விமானிகளை நல்லவர்களாக இருங்கள் என்று அறிவுரை சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த நேரத்தில் யாரையும் அழைக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். மருந்தைத் தட்டிலிருந்து எடுத்துச் சரிபார்க்கும் இரண்டு நிமிடங்கள் எங்களுக்கு அந்தப் பத்தாயிரம் அடி.

இந்த விஷயத்தை எங்கள் பகுதிப் பெரியவர்களிடம் பேசியபோது, எட்டு, நூறு என்று பலவற்றை ஒரே நேரத்தில் கவனித்துக் காட்டும் அட்டாவதானமும் சதாவதானமும் நம் மரபில் இல்லையா என்று ஒருவர் கேட்டார். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நிகழ்த்திக் காட்டியதைத் தமிழர் எவரும் மறக்க முடியாது. நாஞ்சில் நாட்டுப் பக்கத்து உறவினர் எங்கள் வீட்டில் உண்டு என்பதால் அவர் பெயரைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் கேள்வி கேட்போர் அவதானியின் முன் தத்தம் முறையில் கேட்கிறார்கள். ஈற்றடி கொடுப்பவரும், மணியடிப்பவரும், முதுகில் கல் எறிபவரும் அந்த நிகழ்ச்சிக்குள் அடங்கியவர்கள். பல்லாண்டுப் பயிற்சியோடு, அன்று அந்த ஒன்றுக்காகவே அவர் மேடை ஏறுகிறார். அவரைப் பார்க்க ஊர் திரண்டது, எல்லோராலும் முடியாததை அவர் செய்ததால். அந்த அரிய ஆற்றலை மாதச் சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணிடம் தினமும் பத்து மணி நேரம் எதிர்பார்ப்பது பாவலருக்கும் மரியாதை ஆகாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்குவது, பதிவு பெற்ற மருந்தாளுநராலோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும் என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆவது விதி சொல்கிறது. கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணையில் உள்ளவற்றுக்கு 2014 முதல் தனிப் பதிவேடு எழுதி, மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைக் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்தப் பொறுப்பெல்லாம் மருந்தாளுநர் மேல் இருக்கும்போது, தொலைபேசி, செயலி ஆர்டர், கல்லா, சரக்கு இறக்குபவருக்குக் கையெழுத்து எல்லாவற்றையும் அதே ஆளிடம் கொடுத்துவிட்டு, நேரடி மேற்பார்வை நடக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சிறிய கடையானாலும் மாலை நேரத்தில் தொலைபேசியை வேறு ஒருவர் எடுக்கட்டும். அவர் மருந்தாளுநராக இருக்க வேண்டியதில்லை, எழுதி வைத்தால் போதும். எடுத்த மருந்தைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு முழ நீள மேசை போதும். அங்கே நிற்பவரை, ஒப்பிட்டு முடிக்கும் வரை முதலாளி உட்பட யாரும் கூப்பிடக் கூடாது. சில நாடுகளில் செவிலியர்கள் 'மருந்து கொடுக்கிறேன், பேச வேண்டாம்' என்று எழுதிய மேலங்கி அணிந்து பார்த்திருக்கிறார்கள். இடையூறு குறைந்தாலும் அணிபவர்களுக்கு அது சிரமமாகவே இருந்திருக்கிறது. ஆகவே உடை தேவையில்லை, மேசை போதும் என்பது என் எண்ணம். ஒரே பெயரில் வரும் வெவ்வேறு அளவு மருந்துகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்காமல் தள்ளி வைப்பது ஒரு மணி நேர வேலை. எங்கள் கடையில் அதை மறுநாள் காலையே நானும் உதவியாளரும் சேர்ந்து செய்து முடித்தோம். தொலைபேசிக்கு ஆள் போடுவது பற்றி இன்னும் முடிவாகவில்லை.

கவுண்டருக்கு வெளியே நிற்கும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் கை தட்டில் இருக்கும்போது, 'ஒரே ஒரு டோலோ மட்டும்' என்று பின்னாலிருந்து குரல் கொடுக்காதீர்கள். உங்களுக்கு அது அரை நிமிட வேலை. முன்னால் நிற்பவருக்கு அது அவருடைய மருந்தின் அளவாக மாறக்கூடும். அந்தப் பெரியவர் அடுத்த மாதமும் எங்களிடமே வந்தார். ஐந்து அட்டைகளையும் நான் ஒவ்வொன்றாக அவர் முன் வைத்து எண்ணைப் படித்துக் காட்டும் வரை, பின்னால் நின்றவர்களைக் கையமர்த்தி நிறுத்தி வைத்திருந்தார்.

தங்கள் நாளிதழிடம் நான் கேட்பது இதுதான்: மருந்தகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆள் தேடும் விளம்பரங்களில் நான் முதலில் குறிப்பிட்ட அந்த வரி வந்தால், அச்சுக்கு அனுப்பும் முன் விளம்பரம் கொடுப்பவரிடம் அதை நீக்கலாமே என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கடை எது என்று தெரிந்துவிடும் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.